நாற்பத்திரண்டாம் நம்பர் கம்பி

ஆல்பேட்டை செக்போஸ்ட்டில் பஸ் நின்றது.
புதுச்சேரியிலிருந்து வருகிறவன் பையை
ஒருமுறையாவது குலுக்கிப் பார்க்கும் இடம்.
என் பை என் தோளுயரம்.
"எத்தனை பாட்டில்?" என்றார் ஏட்டு.
ஜிப்பைத் திறந்தேன்.
லத்தியைக் கக்கத்தில் செருகிக்கொண்டு
நாலில் தடித்த கம்பியை இழுத்துவிட்டார்,
சைக்கிள் பிரேக் ஒயர் தடிமன் இருக்கும் அது.
ம் என்றுகூடச் சொல்லவில்லை.
"சத்தமே வரலையே. எவ்ளோ குடுத்தே?"
ஒன்பதாயிரத்து ஐந்நூறு என்றேன்.
பஸ்ஸே சிரித்தது.
கண்டக்டர் மட்டும் சிரிக்கவில்லை,
அவருக்கு லக்கேஜ் டிக்கெட் ஞாபகம் வந்துவிட்டது.

விற்றவர் நெல்லித்தோப்பு ரிஷார்.
ஐந்து கம்பிக்கு மாறிவிட்டாராம்.
கழுத்து லேசா வளைஞ்சிருக்கு,
மூணாவது முறுக்காணி வழுக்கும்,
பிக்கப் இரையும், பின்னால திட்டக் கூடாது
என்று குறைகளை அவரே சொன்னார்.
எல்லாவற்றையும் சொல்லவில்லை என்பது
பின்தகட்டைக் கழற்றிய பிறகுதான் தெரிந்தது.
உள்ளே பாதி ஈயப்பற்று, பாதி செல்லோடேப்,
உடம்பு பிளைவுட்.

எனக்கு லாரன்ஸ் ரோட்டுக்கு உட்புறம் கடை,
மோட்டார் காயில் கட்டுவது தொழில்.
கவுன்சிலர் வீட்டு போர் மோட்டாரை
ஓரமாய்த் தள்ளிவிட்டு உட்கார்ந்தேன்.
எட்டுக் காந்தம், நாற்பத்திரண்டாம் நம்பர் கம்பி,
வெளிச்சத்தில் பிடித்தால் இருக்கிறது
நிழலில் இல்லை.
ஆறாயிரத்து முந்நூறாவது சுற்றில் அறுந்தது.
இருபது குதிரைசக்தி மோட்டார்கூட
இப்படி என்னை அவமானப்படுத்தியதில்லை.
மறுநாள் மின்விசிறியை நிறுத்தினேன்,
"மூச்சு விடாதே" என்றேன் முபாரக்கிடம்.
அவன் டீ குடிக்கப் போய்விட்டான்.
ஒன்பதாயிரத்து எழுபதில் நிறுத்தினேன்.
அந்த எழுபது எதற்கென்றால்
பதில் இல்லை, கை நிற்கவில்லை.

பண்ருட்டி மரவாடியில் பலாப்பலகை.
"தானே புயல்ல சாய்ஞ்ச மரம்" என்று
விலையை ஏற்றினான்.
அவனிடம் உள்ள எல்லா மரமும்
தானேயில் சாய்ந்ததுதான்.
வெட்ட வெட்ட வாசல் முழுக்க மஞ்சள் தூள்.
பெரியநாயகி எட்டிப் பார்த்து
"யாருக்கு நலங்கு?" என்றாள்.
பிறகு, "ஏற்கெனவே மூணு இருக்கே."
இது வேற, என்றேன்.
"இதுலயும் நாலு கம்பிதானே?"
நாலுதான்.

ஐப்பசி ஈரத்தில் கழுத்து ஒரு பக்கம் சாயும்,
ஆலன் சாவியால் கால் சுற்று.
சித்திரையில் அதே கால் சுற்று, திரும்ப.
திருகுகளில் உப்பு பூக்கிறது,
மாதம் ஒருமுறை மண்ணெண்ணெய்த் துணி.
வாசிக்கிற நேரம்?
ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிடம்,
அதுவும் ஒரே வரி, அதுவும் தப்பாக.

புதுக் காயிலும் இரைகிறது.
கம்பியில் என் விரல் பட்டால் அடங்குகிறது,
எடுத்தால் தொடங்குகிறது.
எர்த் கோளாறு என்கிறது தொழில்.
செல்லம் என்று எனக்குப் படுகிறது.
ஆகவே சரிசெய்யவில்லை.

நேற்று ராத்திரி ஒன்பதே முக்காலுக்கு
கரண்ட் போனது.
ஆம்ப் ஒருமுறை 'டப்' என்று சொல்லி அணைந்தது.
இருட்டில் தடித்த கம்பியை இழுத்தேன்.
ஏட்டு சொன்னது சரி,
கொசுவின் சத்தம் இதைவிடப் பெரிது.
கிதாரைத் தூக்கி
பலாமரக் கொம்பில் தாடையை ஊன்றி
இன்னொரு முறை இழுத்தேன்.

பல்லில் வந்தது.
போன வருடம் சிமென்ட் வைத்து அடைத்த
கடைவாய்ப் பல்லில் முதலில்,
அப்புறம் காதுக்குப் பின்னால்,
அப்புறம் எங்கே என்று சொல்லத் தெரியாத இடத்தில்
கனமாய், மெதுவாய்,
துறைமுகத்துக்குள் விசைப்படகு நுழைகிற மாதிரி.

"இருட்டுல என்ன பண்றீங்க?"
மெழுகுவத்தியோடு வாசற்படியில் அவள்.
பதில் சொல்ல வாயைத் திறந்தால்
தாடை விலகிவிடும்.